ஓரம் சுருளும் துணி

கரண்ட் போய்ப் பத்து நிமிடமாகியும் ஃபேன் நிற்கவில்லை.

அந்தோணிராஜ் பாயில் மல்லாந்து கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. சேவூர் ரோட்டில் அந்த லைன் வீடுகள் எட்டிலும் டிவி அடங்கி, மிக்சி அடங்கி, தெருநாய்கூட வெயிலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. முன்னறையில் அவன் மனைவி நதியா மிதிக்கும் தையல் மெஷினின் கடகடப்பு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ஜன்னல் திரை அசையவில்லை. ஃபேன் மட்டும், யாரோ விரலால் தள்ளிவிட்டதுபோல, மெல்லச் சுற்றிக்கொண்டேயிருந்தது. அதிலிருந்து காற்று ஒரு பொட்டும் இறங்கவில்லை. இறங்கியது வாடைதான். கருகிய சாமந்திப்பூவும் எண்ணெயும் கலந்த வாடை.

அந்த வாடை அவனுக்குப் புதிதில்லை. ஒன்பது நாளாகச் சோற்றிலும் அதுதான்.

கெட்ட நேரம் வந்தால் மனிதனுக்குப் புத்தி மட்டாகும் என்பார்கள். அந்தோணிராஜுக்கு அன்றைக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. முதலாளி பொங்கியண்ணன் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பூத்தூவ ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்திருந்தார். பனியன் கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி நிலம்தான் அது இறங்கும் இடம். சுண்ணாம்பால் போட்ட H எழுத்து விடியற்காலைத் தூறலில் கரைந்துபோயிருந்தது. ஊரே கோயிலில் இருந்தது. நிலத்தில் நின்றது கட்டிங் மாஸ்டரான அவனும், பூக்கூடைகளோடு முதலாளியின் மச்சினன் தனபாலும்தான். வானத்தில் சத்தம் கேட்டுவிட்டது. அந்தோணிராஜ் உள்ளே ஓடி வெள்ளை ஜெர்சித் துணி ரோலைத் தூக்கிவந்து, மூன்று துண்டாக வெட்டி, H மாதிரி விரித்து, முனைகளில் செங்கல் வைத்தான்.

"மாஸ்டர்னா மாஸ்டர்தானுங்க," என்று தனபால் தோளில் தட்டினான்.

ஹெலிகாப்டர் பூப்போல இறங்கியது. கூடைகளை ஏற்றிவிட்டுத் தனபாலும் ஏறிக்கொண்டான். வெட்டிய ஜெர்சியின் ஓரம் தானாகச் சுருளும். நேற்றுக் கட்டிங் டேபிளுக்கு வந்தவனுக்கும் அது தெரியும். ஒரு முனை சுருண்டு செங்கல்லின் அடியிலிருந்து நழுவியதை அந்தோணிராஜ் பார்த்தான். பார்த்தான் என்பதுதான் விஷயம். கையை ஆட்டியிருக்கலாம், குறுக்கே ஓடியிருக்கலாம். தனபால் கும்பிட்டுச் சிரித்ததைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றான், பாவி.

ஹெலிகாப்டர் மேலே கிளம்பியதும் துணி எழும்பியது. வாலில் சுற்றும் சின்ன விசிறி அதை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. பனைமர உயரத்தில் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. பைலட் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தப் போராடியது கண்ணாடி வழியே தெரிந்தது. தனபாலின் கூடையிலிருந்து சாமந்தி வட்டமாகச் சிதறியது. ஏழு சுற்று. அப்புறம் தென்னந்தோப்பு. அப்புறம் நெருப்பு.

கோயிலிலிருந்து ஆட்கள் ஓடிவருவதற்குள் மிச்சமிருந்த துணியைச் சுருட்டித் தன் பையில் திணித்துக்கொண்டான். வீடியோவை அழித்தான். பைலட்டுதான் கோட்டை விட்டான் என்று ஊர் சொன்னது. இருபது வருசம் ஓட்டினவர், ஒருநாளும் கை தடுமாறினதில்லை என்று அந்தப் பைலட்டின் மனைவி டிவியில் அழுதாள். அந்தோணிராஜ் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

தலைமாட்டில் போன் அதிர்ந்தது. முதலாளி.

"மாஸ்டர், நாளைக்குக் காத்தால விசாரணைக்கு ஆபீசருங்க வர்றாங்க. கீழ அடையாளத்துக்கு என்னங்க போட்டிருந்தீங்க? சுண்ணாம்புதானுங்களே?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். வேலை, போலீஸ், மகள் ஜெர்லினின் பள்ளிக்கூடம் எல்லாம் குறுக்கே வந்து நின்றன.

"சுண்ணாம்புதான் மொதலாளி. வேற ஒண்ணும் போடல."

"சரிங்க. அப்ப பைலட்டு மேலதான் தப்புன்னு எழுதிக்குவாங்க. பாவம்."

போனை வைத்தான்.

ஃபேனின் வேகம் கூடியது.

எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினான். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. தலைக்கு மேலே சத்தம் மாறியது. ஃபேன் சத்தமில்லை. தடதடதட. நெஞ்செலும்பில் கேட்கிற சத்தம். சுவரில் ஏசுநாதர் காலண்டர் ஆடாமல் தொங்கியது. வாடை மட்டும் மூக்கை அடைத்தது.

முன்னறையில் தையல் மெஷின் நின்றது.

"என்னங்க, ஒங்க பையில வெள்ளத் துணி கெடந்துச்சே, அதுல பாப்பாவுக்குக் கவுன் தச்சிட்டேன்," என்று நதியா சொன்னாள். "கீழோரம் மட்டும் மடிக்கணும். எப்படி இருக்குன்னு பாருங்க."

கட்டிங் வேஸ்ட்டைப் பிள்ளைக்குத் தைத்துப் போடாத வீடு அந்த லைனில் இல்லை. எத்தனையோ முறை அவனே பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவள்மேல் என்ன தப்பு?

ஆறு வயது ஜெர்லின் ஓடிவந்து ஃபேனுக்கு நேர் கீழே நின்றாள். வெள்ளைக் கவுன். அதன் கீழோரம் அவன் கண்ணெதிரே மேல்நோக்கிச் சுருண்டது.

"யப்பா, இங்க பாரு," என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். கவுன் குடையாக விரிந்தது.

"போதும் பாப்பா. நில்லு."

இன்னொரு சுற்று.

"நில்லுன்னேன்ல."

"நான் சுத்தலப்பா," என்றாள். முகம் வந்தது. போனது. வந்தது. சிரிப்பு இல்லை. "நிக்க முடியலப்பா."

பாய்ந்து பிடித்தான். துணி அவன் கையைத் தட்டிவிட்டது. உள்ளங்கை சுட்டது. மறுபடி பிடித்தான். சுவரோரம் போய் விழுந்தான்.

"துணிதான்," என்று கத்தினான். "நான்தான் விரிச்சேன். நழுவினதப் பாத்தேன். பைலட்டு மேல தப்பில்ல. ஆண்டவரே, தப்பில்ல."

தடதடதட.

நதியா நிலைப்படியில் நின்றாள். கையில் கத்தரிக்கோல். அவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் தரையில் இல்லை.

ஜெர்லினின் கைகள் இரண்டும் விரிந்திருந்தன. வெறும் கைகள். அவற்றிலிருந்து சாமந்தி இதழ்கள் வட்டமாகச் சிதறிச் சுவரெல்லாம் ஒட்டின. நாலு. அஞ்சு. ஆறு. அவள் உச்சந்தலைக்கும் ஃபேனின் இறக்கைக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது.