கையுறைக் கோழி

குளிர்ந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது பூமியின் வழக்கம். நெடுங்குகையில் குளிர்ந்தால் பக்கத்தில் இருப்பவரை ஒட்டிப்போய் நிற்பார்கள்.

ஒரு நாள் காலை தண்ணீர் வரிசையில் பாவாயிக்கு முன்னால் நின்ற காளியண்ணன் ஓரடி பின்வாங்கி, அவள் தோளோடு தன் தோளைச் சாய்த்தார். "சில்லுன்னு இருக்குதம்மிணி. சித்த கிட்ட வா" என்றார். அவள் நெருங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நெருங்கினார்கள். நாலு மூச்சு விடுவதற்குள் கூரைத் துளைகளிலிருந்து இளஞ்சூடான காற்று இறங்கியது. போதும் என்று பட்டதும் வரிசை தானாக விரிந்தது, காற்று நின்றது. யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் கழுவுவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

நெடுங்குகை செவ்வாயின் பாறைக்குள் இருக்கிறது. எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த வழி அது. நாமக்கல் பக்கத்திலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் அதற்குள் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. வெளியே, நின்ற இடத்தில் ஆளை உறைய வைக்கும் குளிர். உள்ளே வெப்பத்தைப் பார்த்துக்கொள்வது இதமன் என்ற எந்திரம்.

தொடக்கத்தில் அதனிடம் வாயால் சொன்னாலே போதும். கணவன் "ஏத்து" என்பான். அடுத்த நொடி மனைவி "எறக்கு" என்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் கைகலப்பு நடந்தது. இரண்டு கல்யாணங்கள் முறிந்தன. கடைசியில் ஊர்க்கூட்டம் கூடி இதமனின் காதை அடைத்துவிட்டு, கண்ணை மட்டும் விட்டுவைத்தது. ஒவ்வொருவர் தோளிலும் அரிசி அளவில் புதைத்திருக்கும் தோள்மணியைக் கொண்டு, யார் எங்கே இருக்கிறார் என்று அது அறியும். ஓர் இடத்தில் இருப்பவர்கள் நெருங்கினால் அங்கே குளிர் என்று சூட்டை ஏற்றும். ஒருவரை ஒருவர் விட்டு ஒதுங்கினால் புழுக்கம் என்று இறக்கும். மனிதன் வாயால் எதை வேண்டுமானாலும் சொல்வான், நிற்கிற இடத்தில் பொய் இருக்காது என்பது அதை அமைத்தவர்களின் நம்பிக்கை. அதனால் நெடுங்குகையில் கல்யாணத்துக்கு வருகிறவர்களைத் தள்ளித் தள்ளித்தான் உட்கார வைப்பார்கள். ஒருமுறை உறவினர்கள் பாசம் மிகுந்து மேடையில் குவிந்ததில் மாப்பிள்ளை மயங்கி விழுந்தார்.

பாவாயி கருவகத்தின் பொறுப்பாளர். விதைகளையும் உறைகருக்களையும் காப்பது அவள் வேலை. பூமியிலிருந்து வந்த சென்ற விண்கலத்தில், பாறைத் துளைக்கருவிக்கு உதிரிப் பாகங்கள் வரவேண்டிய இடத்தில், ஊர்க்கூட்டத்தோடு மல்லுக்கட்டி, கோழிமுட்டைகளை வரவழைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவள் தலையைக் கண்டால் போதும், சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது மெல்லக் கொக்கரிப்பார்கள். பூமியில் முட்டைக்குப் பேர்போன ஊரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆனால் முட்டையைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. அடுத்த கலம் வர ஆண்டுகள் ஆகும். இந்த முட்டைகள் பொய்த்தால் இன்னொரு முறை அவள் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை.

ஏழு முட்டைகள் பொரிந்தன. முட்டைகளைச் சூட்டில் வைத்திருந்த பொரிகலத்தோடு வந்த விளக்கவுரை, குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வரும் என்பதோடு முடிந்திருந்தது. அதன் பிறகு என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. எழுதியவருக்கு, அதற்குமேல் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு இருந்திருக்கலாம். தாய்க்கோழியைத்தான் யாரும் அனுப்பவில்லை.

பாவாயி குஞ்சுகளை வைத்து வளர்க்க ஓர் அணைப்பெட்டி செய்தாள். முதலில் செய்தது சதுரப் பெட்டி. ஏதோ சத்தத்துக்கு மிரண்ட குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அடியில் கிடந்ததை அவள் மூச்சு நிற்கும் தறுவாயில் இழுத்தெடுத்தாள். மூலையே இருக்கக் கூடாது என்று பழைய தண்ணீர்ப் பீப்பாயைக் குறுக்கே அறுத்து வட்டமாக்கினாள். வழவழப்பான தரையில் குஞ்சுகளின் கால்கள் வழுக்கி விரிந்தன; நெல் உமியைப் பரப்பினாள். தண்ணீர் வைத்த மூடிக்குள் ஒன்று விழுந்து நனைந்தது. மூடி நிறையக் கூழாங்கற்களைப் போட்டாள், இடுக்கில் அலகு மட்டும் போகும்படி.

வெப்பத்துக்குத்தான் திணறினாள். இதமன் இருக்கும் ஊரில் தனி அடுப்பு ஏது? பொதுக்கூடத்தில் பழைய வெளியுடைகள் தொங்கும் சுவர் நினைவுக்கு வந்தது. அந்த உடைகளின் கையுறைகளுக்குள், வெளியே போகிறவர்களின் விரல் உறையாமல் இருக்க, சூடேறும் கம்பிகள் உண்டு. பெட்டியைப் பொதுக்கூடத்துக்கே கொண்டுவந்து வைத்து, ஒரு சோடிக் கையுறையை உள்ளங்கை கீழே பார்க்கப் பெட்டியின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டாள். மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும், வேண்டியபோது குஞ்சு தானே ஒதுங்கிக்கொள்ளும் என்பது கணக்கு.

ஏழு குஞ்சுகளும் ஒரு கணம் தயங்கின. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல நடந்து, தொங்கும் விரல்களுக்கு இடையே புகுந்து கண்ணை மூடிக்கொண்டன. பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்துப் பார்த்து அவளுக்குக் குஞ்சுகளின் பேச்சு பிடிபட்டது. கையுறைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி, சிறகை விரித்து, அலகைத் திறந்தால் சூடு. ஆளுக்கொரு பக்கம் பரவி மேய்ந்தால் சரி. இதமன் நம்மைப் பார்க்கும் பார்வையும் இதுதானே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

செய்தி பரவி, மறுநாள் காலையில் ஊர் வந்தது.

கொக்கரித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். வந்தவர்கள் கொக்கரிப்பை மறந்து பெட்டியின்மேல் குனிந்தார்கள். மனிதனைத் தவிர வேறொரு உயிர் தன் கண்ணைத் திருப்பித் தங்களைப் பார்ப்பதை அவர்கள் அதுவரை அறிந்ததில்லை. எடை குறைந்த அந்த உலகில், திடுக்கிட்ட குஞ்சு ஒன்று முழ உயரம் எழும்பி, பஞ்சுபோல மெல்ல இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல நடந்தது. இன்னொன்று உமியைக் காலால் பின்னுக்குச் சீய்த்துவிட்டு, குனிந்து பார்த்தது. அது எந்தக் கோழியையும் கண்டதில்லை. மண்ணையே கண்டதில்லை.

"இதுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்றார் காளியண்ணன், மிகத் தாழ்ந்த குரலில்.

"யாரும் இல்லீங் மாமா."

"அப்புறம் எப்படி?"

பாவாயி கையை விரித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் பெருகியது. தோளோடு தோள், முதுகோடு நெஞ்சு. கூரைத் துளைகள் திறந்தன. நெடுங்குகையே ஓரிடத்தில் ஒண்டிக் கிடப்பதைக் கண்ட இதமன், இதுவரை இல்லாத குளிர் என்று முடிவு கட்டிச் சூட்டை ஏற்றத் தொடங்கியது.

முதலில் கவனித்தவள் பாவாயி. குஞ்சுகள் கையுறையை விட்டு எதிர் ஓரத்துக்குப் போய் அலகைத் திறந்து மூச்சு வாங்கின. அவள் கையுறையின் சூட்டை அணைத்தாள். பயனில்லை, வெந்துகொண்டிருந்தது கூடமே.

"கொஞ்சம் விலகி நில்லுங்க. சூடேறுது. குஞ்சு தாங்காது."

"விலகுங்கப்பா, சொல்றாங்கல்ல" என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. ஊர்ப் பொறுப்பாளர் தாமரைச்செல்வி ஒலிபெருக்கியில் கலைந்து போகச் சொன்னாள். சொன்னவளே பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"மாமா, நீங்களாச்சும் போங்க."

"நான் ஒருத்தன் போயி என்ன கொறையப் போவுதம்மிணி? கடைசில வந்தவங்களைப் போகச் சொல்லு. நான் மொதல்லயே வந்தவன்."

எல்லோருக்கும் தெரியும். நெருங்கினால் சூடேறும் என்பது நெடுங்குகையில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொருவரும், சூடேற்றுவது மற்றவர்கள் என்றே நினைத்தார்கள். சின்னக் குஞ்சு கால் மடங்கிச் சரிந்தது. "ஐயோ பாவம்" என்று கூட்டம் ஒரே குரலில் சொல்லி, நன்றாகப் பார்ப்பதற்காக இன்னும் ஓரடி நெருங்கியது.

அப்போதுதான் பாவாயிக்கு அது தோன்றியது. சுவரிலிருந்து கூடத்தைப் படம்பிடிக்கும் படக்கண்ணைக் கழற்றி, பெட்டிக்கு நேர் மேலே மாட்டினாள். "இனிமே எல்லா வீட்லயும் தெரியுங்க. ஒவ்வொரு அறைத் திரையிலயும் தெரியும். பெருசாத் தெரியும். வீட்ல உக்காந்தே பாக்கலாம்."

அடைப்பு எடுத்த தொட்டிபோலக் கூடம் காலியானது. கைக்கெட்டும் தூரத்தில் குஞ்சு நிற்க, போகிற போக்கில் ஒருத்தி கூடத்துச் சுவர்த் திரையில் தெரிந்த அதன் படத்தைக் காட்டி, "இதுல எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க" என்றாள். காளியண்ணன் மட்டும் தயங்கித் தயங்கி, "போறேன் போறேன்" என்று முனகிக்கொண்டே கடைசியில் போனார்.

சூடு தணிந்தது. பாவாயி விரல் நுனியில் தண்ணீர் தொட்டுச் சின்னக் குஞ்சின் அலகில் வைத்தாள். ஒரு சொட்டு உள்ளே இறங்கியது. குஞ்சு தலையைத் தூக்கி அண்ணாந்து விழுங்கியது. அந்த உடம்பு அவள் உள்ளங்கையில் விர்ரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய எந்திரம் தொலைவில் ஓடுவதுபோல. இவ்வளவு சிறிய ஒன்றுக்குள் இவ்வளவு அவசரமா என்று அவள் வியந்தாள். குஞ்சுகள் பெட்டி முழுக்கப் பரவி மேய்ந்தன.

சாயங்காலம் அவை மறுபடியும் கத்தின. இந்த முறை கையுறைக்கு அடியில், ஒன்றுக்குள் ஒன்று முகம் புதைத்து.

ஊர் முழுக்க ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நெடுங்குகை வரலாற்றில் மனிதர்கள் இவ்வளவு சீராக, இவ்வளவு தள்ளித் தள்ளி இருந்ததே இல்லை. புழுக்கம் தாங்காமல் ஒதுங்குகிறார்கள் என்று கண்ட இதமன், வீடு கூடம் எதையும் விடாமல் குளிர்வித்துக்கொண்டிருந்தது. பொதுக்கூடத்தில் பாவாயி ஒருத்திதான். தனி ஆள் யாரை ஒட்டி நிற்பது? சுவரை ஒட்டி நின்றால் இதமன் கணக்கில் எடுக்காது. அவள் கணவன் பனிச்சுரங்கத்துக்குப் போயிருந்தான். குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகலாம் என்றால், நடுவில் வெறும் பாறை வழி. அங்கே இதமனின் காற்று வராது.

கையுறைச் சூட்டை முழுவதும் திருப்பினாள். ஒரு கைக்கு அளந்த சூடு அது. போதவில்லை.

படக்கண்ணை நிமிர்ந்து பார்த்தாள். "குஞ்சுக்குக் குளிருதுங்க. யாராவது ஒருத்தர் வந்தாப் போதும். எம் பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும்."

சுவர்த் திரையில் பதில்கள் பொழிந்தன. கூப்பிய கைகள், கண்ணீர்த் துளிகள், இதயங்கள். ஒவ்வொரு வீட்டிலும், அடுத்த வீட்டுக்காரர் இந்நேரம் கிளம்பியிருப்பார் என்று நினைத்தார்கள். தாமரைச்செல்வியின் குரல் வந்தது.

"அக்கா, எல்லாருக்கும் தகவல் போட்டுட்டேன். வந்துக்கிட்டே இருப்பாங்க."

"நீ வாயேன் சாமி."

"இதோ வர்றேங்க்கா. அந்தச் சின்னது கண்ணை மூடுது பாருங்க, அது தூங்கறதை மட்டும் பாத்துட்டு வந்தர்றேன்."

அது தூங்கவில்லை என்று பாவாயிக்குத் தெரியும். சட்டைக்குள் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். மற்ற ஆறும் கத்தின. மேலாடையைக் கழற்றிப் பெட்டியை மூடப் போனபோது, பாறை வழியில் காலடிச் சத்தம் கேட்டது.

காளியண்ணன். மூக்கு சிவந்திருந்தது. வந்தவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளோடு தோளை ஒட்டினார்.

"காலைல போக மாட்டேன்னு நின்னீங்க. இப்ப வந்தது நீங்க ஒருத்தர்தானுங் மாமா."

"எங்கூட்டுத் திரைல படம் வர்றதில்லம்மிணி" என்றார் அவர், சங்கடத்தோடு. "சத்தம் மட்டுந்தான் வருது. பொழுதுக்கும் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துது. கேட்டுக்கிட்டு உக்கார முடியல. அதான்."

கூரைத் துளைகள் மெல்லத் திறந்தன. கூடத்தில் இருப்பவர்கள் அனைவரும், அதாவது அந்த இரண்டு பேரும், ஒண்டிக்கொண்டிருப்பதை இதமன் கண்டுகொண்டது. இளஞ்சூடான காற்று அவர்கள் தலைமேல் இறங்கி, பெட்டிக்குள் வழிந்தது. கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. பாவாயியின் சட்டைக்குள் ஏதோ அசைந்தது. கழுத்துப் பட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. காளியண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது அவர் கண்ணைத் தன் ஒரு கண்ணால் வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு பெட்டிக்குள் குதித்து, மெல்ல மிதந்து இறங்கி, உமியைச் சீய்த்தது.

அந்தக் காட்சி எல்லா வீட்டுத் திரைகளிலும், எல்லா அறைகளிலும் தெரிந்தது. "எவ்வளவு இதமா இருக்குது பாரேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் தாமரைச்செல்வி. குளிரில் அவளுக்குப் பல் கிட்டித்தது. பக்கத்து அறையில் இருந்த கணவனுக்கும் கிட்டித்திருக்கும். அவள் எழுந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த பாட்டன் காலத்துப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். பூமியிலிருந்து வந்த போர்வை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.