மஞ்சப்பையில் கட்டெறும்பு

காலை 6.10. ராஜபாளையம். மாரீஸ்வரி போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. அவள் வளர்க்கும் வெள்ளை நாய் போட்ட ஐந்து குட்டிகளில் பிழைத்தது ஒன்றுதான். பிறந்து ஐந்தே நாள். அதையும் காணோம்!

"அஞ்சு மணிக்குப் பால் குடிச்சுச்சு மேடம். ஒம்போதுக்குள்ள தாய் மடி கெடைக்கலைன்னா செத்துரும்" என்று எஸ்.ஐ. கனகலட்சுமியிடம் அழுதாள்.

வேலி முள்ளில் ஒரு மஞ்சப்பை கிழிந்து தொங்கியது. சுந்தரபாண்டியம் பாண்டிச்செல்வம் வீட்டுக் கல்யாணத் தாம்பூலப் பை.

"பேரே போட்டிருக்கு மேடம்!" என்று துள்ளினார் கான்ஸ்டபிள் சதீஷ். கல்யாணத்துக்குப் போன அத்தனை பேர் வீட்டிலும் அந்தப் பை கிடக்கும் என்பதைக்கூட யோசிக்காத அவசரக்குடுக்கை.

"குட்டிய யாரும் கேட்டு வந்தாகளா?" என்று மாரீஸ்வரியைக் கேட்டார் கனகலட்சுமி.

"நேத்து ரெண்டு பேரு. அந்தப் பாண்டிச்செல்வம், பொறவு மம்சாபுரம் உக்கிரபாண்டி. தரமாட்டேன்னுட்டேன்."

கனகலட்சுமி பையை உதறினார். பழைய பூந்தித் தூளோடு ஏழெட்டுக் கட்டெறும்புகள் விழுந்தன. எல்லாமே மங்கிய கறுப்பு. ஆனால் சில பொடிசு, சில பெருந்தலை.

7.15. சுந்தரபாண்டியம். பாண்டிச்செல்வத்தின் மாந்தோப்பில் ஊர்ந்த கட்டெறும்புகளுக்குப் பின்பக்கம் பொன்னாக மின்னியது.

"பையில கெடந்த பொடிசு அளவுதான் மேடம். ஆளப் பிடிச்சிருவோமா?"

"அளவ விடுங்க சதீஷ், நெறத்தப் பாருங்க. ஜீப்ப எடுங்க!"

8.10. மம்சாபுரம். உக்கிரபாண்டியின் தென்னந்தோப்பு. பூட்டிய மோட்டார் ரூம் சுவரில் கறுத்த பொடிசுகள் மட்டும் சாரைசாரையாகப் போயின. கனகலட்சுமி பையையும் எறும்புகளையும் காட்டினார்.

"இம்புட்டுப் பெரிய தலை எறும்பு எந்தோப்புல கெடையாது. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார் உக்கிரபாண்டி.

சதீஷின் முகம் தொங்கிப்போனது. கனகலட்சுமியோ சுவரோரத் தென்னையின் அடிமூட்டில் லத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்! பொந்திலிருந்து பெருந்தலைகள் குபுகுபுவென்று கிளம்பி வந்து சதீஷின் காலைப் பதம் பார்த்தன.

"குட்டிய எடுத்தது நீங்கதான் அண்ணாச்சி! ஒரே கூட்டுலயே பொடிசும் இருக்கும், பெருந்தலையும் இருக்கும். பொடிசுதான் ரொம்ப வெளிய அலையும். பெருசுக கூட்டச் சுத்தியே கெடக்கும். பூந்திப் பைய இந்த மூட்டுல போட்டு வச்சிருக்கீக. ரெண்டும் ஏறிருச்சு. சாவியக் குடுங்க!"

உள்ளே கூடையில், துண்டுக்குள் குட்டி மெல்ல முனகியது. பக்கத்தில் பால் புட்டி அப்படியே இருந்தது.

"கண்ணு தொறக்கையில எம் மூஞ்சிதான் மொதல்ல தெரியணும்னு நெனச்சேன்" என்றார் உக்கிரபாண்டி. "அப்பத்தான் வேற ஆள அண்டாதும்பாக."

"கண்ணு தொறக்க உசுரு வேணுமே அண்ணாச்சி!"

8.50. மாரீஸ்வரி குட்டியைத் தாயின் மடியில் விட்டாள். அது முட்டியது, வழுக்கி விழுந்தது, மறுபடியும் முட்டியது. சட்டென்று காம்பைக் கவ்விக்கொண்டது.

மாரீஸ்வரி காக்கிச் சட்டையென்றும் பாராமல் கனகலட்சுமியைக் கட்டிக்கொண்டாள். "குடிக்குது மேடம், குடிக்குது!"