உதவி கோரிய பயணி

உட்கார்ந்ததும் மேனேஜருக்கு முதலில் உறுத்தியது நாற்காலியின் சூடு. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரியான சூடு. பேருந்தில் அப்படி ஓர் இருக்கை வாய்த்தால் கொஞ்ச நேரம் நின்று, ஆறவிட்டு, பிறகு உட்காருகிறவர் அவர். ஆனால் சக்கர நாற்காலி கேட்டு வாங்கியவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆறவிட்டால் பார்க்க நன்றாக இருக்காது. பொறுத்துக்கொண்டார்.

அவருடைய கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி, வயிற்றை முன்னால் அனுப்பி, எதிரே வருகிறவர்களை ஓரம் கட்ட வைக்கும் கால்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஊரே அவரை மேனேஜர் என்றுதான் அழைத்தது. அழைக்க மறந்தவர்களுக்கு அவரே ஞாபகப்படுத்திவிடுவார். அப்பேர்ப்பட்டவர், மகளைப் பார்க்கப் போகிற வழியில் விமானம் மாறுவதற்காக, கண்டவர்களோடு வரிசையில் நின்று ஊர்ந்துகொண்டிருப்பதா? டிக்கெட் எடுக்கும்போதே முட்டி வலி என்று சொல்லிவைத்திருந்தார். இறங்கிய இடத்திலேயே நாற்காலி காத்திருந்தது.

"எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. உண்மையில் முட்டி வலி அவளுக்குத்தான்.

"ரெண்டு பேருக்கும் கேட்டா சந்தேகம் வந்துரும்டி. நீ வரிசையில வா. கேட்ல பாக்கலாம்."

"ஆமா, மகாராஜா பல்லக்குல போங்க. நான் பின்னாடியே தீவட்டி பிடிச்சுட்டு வரேன்."

"போலாமா சார்?" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்காலி நகர்ந்தது. தள்ளுகிறவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. பளபளத்த தரையில் ஒரு தொப்பியின் நிழல் மட்டும் கூடவே வந்தது. ஒரு கால் தரையில் ஊன்றுகிற சத்தம், இன்னொரு கால் இழுபடுகிற சத்தம். சர்ர்... டக். சர்ர்... டக்.

"என்னப்பா, உன்னையே ஒருத்தர் தள்ளணும் போலிருக்கே?"

"பழகிடும் சார்."

பழகிடுச்சு என்றல்லவா சொல்ல வேண்டும்? காலமெல்லாம் குமாஸ்தாக்களின் கடிதங்களில் சிவப்பு மையால் கோடு போட்டவருக்கு அது நெருடியது. ஆனால் அதற்குள் பாஸ்போர்ட் வரிசை வந்துவிட்டது. முறைத்தபடி ஒதுங்கிய கூட்டத்தைப் பார்த்து அவர் முகத்தில் அளவாகக் கொஞ்சம் வேதனையை வரவழைத்துக்கொண்டார். அதிகாரி எழுந்து வந்து முத்திரை குத்தினார். பணியில் இருந்த காலத்தில்கூட யாரும் அவருக்காக இப்படி எழுந்து வந்ததில்லை. வரிசையின் வால்பக்கம் மனைவி கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். கையசைத்தார். அவள் அசைக்கவில்லை.

பிறகு ஒரு பக்கவாட்டுக் கதவு. அது மூடியதும் அறிவிப்புகள், குழந்தைகளின் அழுகை, பெட்டிச் சக்கரங்களின் கடகடப்பு எல்லாம் ஒரே வெட்டில் நின்றுபோயின. ஜன்னல் இல்லாத நீண்ட தாழ்வாரம். தரை கழுவும் மருந்தின் நெடி, அதற்கடியில் வலித்தைலத்தின் வாடை, அதற்கும் அடியில், நாள்கணக்காகக் கழற்றாத காலுறையின் புழுங்கல். ஏசி காற்று எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் கழுத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தடவியது. தாழ்வாரம் திரும்பியது. மறுபடி திரும்பியது. திரும்பிய ஒவ்வொரு இடத்திலும் சுவரில், நாற்காலிக் கைப்பிடி உயரத்தில், யாரோ விரல்களால் பற்றிக்கொள்ளப் பார்த்தது போல வரிவரியாக அழுக்கு.

"கேட் இன்னும் எவ்வளவு தூரம்?"

"நடந்தா தூரம் சார்."

வலது பாதம் நமைத்தது. கட்டைவிரலை அசைக்கப் பார்த்தார். அது அசையவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று முழங்காலைத் தட்டினார். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியது போலிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் கவனித்தார்.

இழுபடுகிற கால் இப்போது அவ்வளவாக இழுபடவில்லை.

"நிறுத்துப்பா. நான் நடந்துக்கறேன்."

"முட்டி வலியாச்சே சார்."

"அது... இல்லப்பா. வலியெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

இவ்வளவு நேரடியான ஒரு வாக்கியத்தை மேனேஜர் தம் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியும் சார்" என்றது குரல்.

டக். டக். டக். டக். சீரான நடை. நல்ல ஆரோக்கியமான நடை.

ஒரு கண்ணாடிக் கதவு திறந்தது. அகலமான அறை. வரிசை வரிசையாகச் சக்கர நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள். கோட்டு, டை, முத்துமாலை, விலை உயர்ந்த கைப்பைகள். எல்லோரும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. ஒருவர்கூடத் திரும்பவில்லை. காலடித் தகடுகளின் மேல் காலணிகள் ஜோடி ஜோடியாக. எதிலும் நடந்த சுவடே இல்லை.

அவரைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டுத் தொப்பிக்காரன் முன்னால் வந்தான். தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை. திரும்பி நடந்தான். வயிற்றை முன்னால் அனுப்பி, கைகளை வீசி, எதிரே இல்லாத ஆட்களை ஓரம் கட்டியபடி.

கதவு மூடியது.

"நீங்க என்ன வலின்னு சொன்னீங்க?" பக்கத்து நாற்காலிக்காரர் உதடு அசையாமல் கேட்டார்.

"முட்டி."

"நான் இடுப்பு." அவர் மடியில் தூசி படிந்திருந்தது.

மேனேஜர் கைப்பிடிகளைப் பற்றி எழும்பினார். உடம்பு இடுப்பு வரை எழுந்தது. அதற்குக் கீழே எதுவும் வரவில்லை. விழுந்தார். மறுபடி. விழுந்தார். வேர்வை. கத்தினார். யாரும் திரும்பவில்லை.

கதவு திறந்தது. மனைவி.

"உங்கள எங்கெல்லாம் தேடறது? ஒரு தொப்பிக்காரர் பாவம், கையப் பிடிக்காத குறையாக் கூட்டிட்டு வந்தாரு. கிளம்புங்க, கடைசி அழைப்பு விட்டாச்சு."

கிளம்பிவிடலாம். இவள் இருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. "என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போடி. கால் போயிடுச்சு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "போதும். இங்க அதிகாரி யாரும் இல்ல. யாருக்கு நடிக்கறீங்க?"

"நடிப்பு இல்லடி. சத்தியமா இல்ல."

"அப்படியா சங்கதி?" நறுக்கென்று தொடையில் கிள்ளினாள். அவளுடைய விரல்கள் சதைக்குள் புதைவதை அவர் பார்த்தார். பார்க்க மட்டும் முடிந்தது.

"அடேயப்பா, கண்ணக்கூடச் சிமிட்டலையே! வேலையில இருந்தப்ப இந்தத் திறமையெல்லாம் எங்க போச்சு?"

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி வந்து நின்றிருந்தது. தள்ளி வந்தவள் ஒரு பெண். அவளும் தொப்பி போட்டிருந்தாள். கைப்பிடியில் சாய்ந்து, ஒரு பக்கமாகக் கோணி நின்றாள்.

"உக்காருங்கம்மா. ரெண்டு பேரையும் சேத்தே கூட்டிட்டுப் போயிடறோம்."

"ஐயோ, நான் கேக்கலையேம்மா. எனக்கு நிஜமாவே முட்டி வலி, அது வேற விஷயம்."

"வலிக்கற காலா இருந்தாலும் பரவாயில்லம்மா."

"உக்காராதே!" என்று அலறினார் மேனேஜர். அலுவலகத்தில் யாரும் கேட்டிராத குரல். "வேண்டாம்டி! ஓடிடு! உன் கால்ல விழறேன், ஓடு!"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏன்? சொகமெல்லாம் உங்க பேர்ல பட்டா போட்டிருக்கா? நின்னு நின்னு என் உயிரே போயிடுச்சு. ஒரு நிமிஷம் நான் உக்காந்தா உங்களுக்குப் பொறுக்காதா?"

கைப்பையை அவர் மடியில் போட்டாள். அவர் அவளுடைய சேலையை எட்டிப் பிடித்தார். தட்டிவிட்டாள்.

"அப்பாடா" என்று உட்கார்ந்தாள்.

தொப்பிக்காரி குனிந்தாள். வீங்கிய அந்தப் பாதங்களை ஒவ்வொன்றாக, இரண்டு கைகளாலும் தூக்கி, தகட்டின் மேல் வைத்தாள். விரல்களால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கடையில் துணியின் தரம் பார்ப்பது போல.

மனைவி கண்களை மூடிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் எத்தனையோ வருஷங்களாக அவர் பார்க்காத ஒரு நிம்மதி பரவியது.

"ஏங்க," என்றாள், "வலியே தெரியலைங்க."