வீடு என்று பெயரிட்ட கடவுச்சொல்

மாத்தளையிலிருந்து போகும்போது நாலந்தாவுக்குச் சற்று முன்னால் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, மிளகுக் கொடிகள் படர்ந்த சரிவில் கொஞ்சத் தூரம் நடந்தால் அந்த வீடு வரும். நப்லானின் மாமா ஸக்கரியா கலேவெலயில் கடை போட்டுக் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டதால் பல காலமாகப் பூட்டிக் கிடந்தது. "சும்மா கெடந்தா கரையான்தான் திங்கும். நீங்க ரெண்டு பேரும் போய் ஈங்க" என்று அவரே சாவியைக் கொடுத்தார். நப்லானும் அவன் மனைவி நிஷ்மியாவும் சாமான்களை இறக்கியபோது பெருமழை ஓய்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எதிரே தெரிந்த மலைகளில் மண் சரிந்த இடங்கள் தோல் உரித்தது போலச் சிவந்து கிடந்தன.

நப்லானுக்கு மாத்தளை டவுனில் கராம்பும் சாதிக்காயும் வாங்கி அனுப்பும் ஓர் இடத்தில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் அந்தித் தொழுகையான மஃரிபை முடித்துவிட்டுத்தான் திரும்புவான். நிஷ்மியா கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் அவள் தொழில். முன் அறையின் பெரிய ஜன்னலோரம் மேசையைப் போட்டு மடிக்கணினியை வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அவளுக்கு வந்தது ஓர் இணையத்தளத்தின் கடவுச்சொல் சோதனை. தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் செய்தியும் படமும் அனுப்பும் தளம் அது. அதில் ஒருவர் தன் சொந்தக் கடவுச்சொல்லை வெளியே விடாமல், போனில் இருக்கும் செயலிக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு செயலி அவர் பெயரிலேயே உள்ளே வந்து போகும். அப்படிப்பட்ட கடவுச்சொற்களைக் கறுப்புத் திரையில் வெறும் கட்டளைகளைத் தட்டியே உண்டாக்க முடிகிறதா, யாருக்கு எது இருக்கிறது என்று பார்க்க முடிகிறதா, கடைசியில் அழிக்க முடிகிறதா என்று நிஷ்மியா சோதிக்க வேண்டும். இதற்காகத் தளத்தின் நகல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். உண்மைத் தளத்தில் இருந்த ஆட்கள் எல்லோரும் நகலிலும் இருந்தார்கள்.

"யாரு பேர்ல போடட்டும்?" என்று தன் மேலாளர் ரமேஸிடம் போனில் கேட்டாள்.

"சந்திரகாந்தான்னு ஒரு ஆள் இருக்கு பாருங்க. அந்தப் பேர்லயே போடுங்க. இப்ப அத யாரும் பாவிக்கிறதில்ல" என்றார் ரமேஸ்.

ஏன் பாவிப்பதில்லை என்று அவள் கேட்கவில்லை.

புதிய கடவுச்சொல்லுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது திரை. வழக்கமாக அந்த இடத்தில் செயலியின் பெயரைப் போடுவார்கள். நிஷ்மியா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், யோசிக்காமல் 'வீடு' என்று தட்டினாள். நீளமான எழுத்துச் சரம் ஒன்று திரையில் வந்தது. அந்தக் கடவுச்சொல்லை இயந்திரம் ஒருமுறைதான் காட்டும். அவள் அதை எங்கும் எழுதி வைக்காமல் திரையைத் துடைத்தாள். இனி அதை அறிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அடுத்த கட்டளையைக் கொடுத்தாள். பெயர், வீடு. கடைசியாகப் பாவித்த நேரம் என்ற இடம் காலியாக இருக்க வேண்டும்.

காலியாக இல்லை. சற்று முன்னர்தான் யாரோ அதைப் பாவித்திருந்தார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் என்ற முகவரியும் பக்கத்தில் இருந்தது. குடிவந்த முதல் நாளே நிஷ்மியா அந்த எண்களைத் தன் கம்பெனிக்குக் கொடுப்பதற்காகப் பார்த்து வைத்திருந்தாள்.

அது இந்த வீட்டு இணைப்பின் முகவரி.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவளுடைய போன் மேசையில் அணைந்து கிடந்தது. மென்பொருளில் கோளாறு என்று குறித்துக்கொண்டாள். மனம் மட்டும் ஒப்பவில்லை.

அன்று மாலை முதல் மண் வாசம் வரத் தொடங்கியது. அது மழை விழுந்ததும் எழும் இதமான வாசமல்ல. ஆழத்தில் கிடந்த மண்ணை வாரிப் போட்டால் வரும் குளிர்ந்த, அழுகிய வேர் கலந்த வாசம். சமையலறையில் நிரப்பி வைத்த வாளித் தண்ணீர் சொட்டு இல்லாமல் தீர்ந்திருந்தது. வாளி ஓட்டையாக்கும் என்றான் நப்லான். மறுநாள் நிரப்பினாள். மறுநாளும் தீர்ந்தது.

பிறகு சுவர். முன் அறையின் உட்சுவரில் தரையிலிருந்து கொஞ்ச உயரத்துக்கு ஈரம் ஊறி, யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது போலத் தடம் விழுந்திருந்தது. காயவே இல்லை.

நிஷ்மியா ரமேஸைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தச் சந்திரகாந்தா யாரு?"

"அந்தத் தளத்துக்குத் தோட்டத்துச் செய்தி அனுப்பின பொம்பள. நல்லா எழுதுவாங்க. மழையில அவங்க இருந்த லயத்து வீடுக மேல மண்ணு எறங்கிருச்சி. முழு லயமும் போச்சி. ஆளுகள எடுக்கவே முடியல. ஏன் கேக்குறீங்க?"

"ஏன் மொதல்லயே செல்லல்ல?"

"அது வெறும் நகல்தானே மிஸ். பேருல என்ன இருக்கு?"

அவள் போனை வைத்துவிட்டுத் திரையில் பட்டியலைப் போட்டாள். இப்போது 'வீடு' மட்டும் இல்லை. அதன் கீழே அவள் உண்டாக்காத கடவுச்சொற்கள் இருந்தன. மாடசாமி. நிதுஷன். கிருஷ்ணம்மா. அதற்குக் கீழே இன்னும் பெயர்கள். எல்லாம் சந்திரகாந்தாவின் கணக்கில் உண்டாக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் இந்த வீட்டு முகவரி.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். சுவரில் தடங்கள் வரிசையாக இருந்தன. பெரியவர்களின் முதுகுகள். நடுவில் மிகத் தாழ்வாக, சின்னதாக ஒன்று.

சந்திரகாந்தாவின் தங்கை விஜிதா மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். ரமேஸிடம் நம்பரை வாங்கி நிஷ்மியா அவளோடு பேசினாள். முழுவதையும் சொல்ல வாய் வரவில்லை. பெயர்களை மட்டும் கேட்டாள்.

"மாடசாமி எங்க மாமா, அக்கா புருஷன். நிதுஷன் அக்கா மகன். இப்பதான் ஸ்கூல் சேத்திருந்தாங்க. கிருஷ்ணம்மா லயத்துல அடுத்த காம்பராவுல இருந்தவங்க. ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

நிஷ்மியா திக்கித் திணறிச் சொன்னாள். பைத்தியம் என்று திட்டுவாள் என நினைத்தாள். விஜிதா திட்டவில்லை. அழுதாள்.

"எல்லாரும் என் கனவுல வந்து நிக்கிறாங்கக்கா. இருக்க எடம் இல்ல, இருக்க எடம் இல்லன்னு சொல்றாங்க. நான் போர்டிங்ல இருக்கேன், எங்க கூப்புடுவேன்?" மூக்கை உறிஞ்சினாள். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "நீங்க எடம் குடுத்திருக்கீங்க. அழிச்சிறாதீங்கக்கா. ஒங்க கால்ல விழுறேன். வெளிய போட்டா அவங்க அந்த மண்ணுக்குள்ளதான் போவணும்."

நிஷ்மியா சரி என்றாள். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னாள்.

ஆனால் ஒரு வீட்டில் அத்தனை பேர் மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்க, அவர்கள் நடுவில் வேலை செய்வது யாராலும் முடியாது. வாசம் தொண்டையில் படிந்தது. குர்ஆன் ஓதினாள். ஓதும்போது சுவர்ப்பக்கம் ஓர் அமைதி வந்தது, யாரோ மரியாதைக்குப் பேச்சை நிறுத்தியது போல. ஓதி முடித்ததும் புடவை உரசும் சத்தம். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. உறங்கினால் நெஞ்சின் மேல் ஏதோ கனமாக ஏறியது. நப்லான் "வேலைக் களைப்பு" என்று சொல்லிச் சொல்லியே அவளைத் தனியாக விட்டுப் போனான்.

ரமேஸ் கூப்பிட்டு, அழிக்கும் சோதனை மட்டும்தான் மிச்சம், இன்றே முடித்துத் தாருங்கள் என்றார்.

பொழுது சாயும் நேரம். ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடிகள் நிறம் மங்கிக்கொண்டிருந்தன. நிஷ்மியா சந்திரகாந்தாவின் பெயரை எழுதி, எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரேயடியாக அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். "என்ன மன்னிச்சிக்கோங்க" என்று முணுமுணுத்துவிட்டு அழுத்தினாள்.

அழிக்கப்பட்டன என்று வந்தது. பட்டியலைப் போட்டாள். வெறுமை.

வாசமும் இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. முகம் கழுவ வெளியே குழாயடிக்குப் போனாள். அன்று வழக்கத்துக்கு முன்பே சரிவில் நப்லானின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவன் வந்து நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றியவன் அப்படியே நின்றான்.

"நிஷ்மி, உள்ள யாரு?"

கதவு தட்டப்பட்டது.

உள்ளே இருந்து.

முதலில் மெதுவாக, விருந்தாளி தட்டுவது போல. பிறகு உள்ளங்கையால். பிறகு பல கைகள். மேலே, நடுவில், தாழ்ப்பாளுக்கு வெகு கீழே. ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கமாகச் சிவப்பு மண் ஏறிக்கொண்டிருந்தது, பாத்திரத்தில் நீர் ஏறுவது போல நிதானமாக.

"தொறங்க..." ஒரு பெண்ணின் குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசும் குரல். "கதவத் தொறங்க. புள்ள இருக்கு."

அப்போதுதான் நிஷ்மியாவுக்குப் புரிந்தது. கடவுச்சொல்லை அழித்து அவர்களை அவள் வெளியே அனுப்பவில்லை. உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள்.

ஓடினாள். நப்லான் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "போவாத! அது மனுசர் இல்ல!" அவனை உதறிவிட்டுக் கதவில் தோளை வைத்துத் தள்ளினாள். பூட்டாத கதவு. அசையவில்லை. மறுபக்கம் ஒரு மலையே சாய்ந்திருப்பது போல இருந்தது. அவள் தள்ளுவதைப் பார்த்து நப்லானும் வந்தான். யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டே இருவரும் தள்ளினார்கள்.

மேலே தட்டிய கைகள் ஓய்ந்தன.

நடுவில் தட்டியவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கடைசியில் அந்தத் தாழ்வான கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நிஷ்மியா மண்டியிட்டு, அது தட்டும் இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் மிருதுவான ஓர் அடி. இன்னொன்று. பிறகு நகத்தால் சுரண்டுவது போல ஏதோ.

பிறகு ஒன்றும் இல்லை.

கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே தரை உலர்ந்திருந்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. சுவரில் தடம் எதுவும் இல்லை. மேசையில் கறுப்புத் திரை அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தது.

அன்றே அவர்கள் உடுத்த துணியோடு மாத்தளைக்கு வந்து, நிஷ்மியாவின் மூத்த சகோதரி ஹமீமா தாத்தாவின் வீட்டு மேல் அறையில் தங்கினார்கள். தாத்தா காரணம் கேட்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. நிஷ்மியா வேலையை விட்டாள். நகலை முழுவதாக அழித்துவிட்டதாக ரமேஸ் செய்தி அனுப்பினார். நப்லான் ஸக்கரியா மாமாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். அந்த அந்தியைப் பற்றி அவன் பிறகு பேசவே இல்லை.

விஜிதா ஒருமுறை கூப்பிட்டாள்.

"எங்க அக்கா கனவுல வர்றதில்லங்க இப்ப. ஒங்க வீட்டுல நல்லா இருக்காங்கதானே?"

"ஓ" என்றாள் நிஷ்மியா. "நல்லா ஈக்குறாங்க." போனை வைத்தாள். அந்தப் பொய்யை இனி ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை மேல் அறையில் பாயை விரித்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீழே ரோட்டில் பஸ்கள் இரைந்துகொண்டு போயின. கணவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு நிஷ்மியா தனக்கும் போட்டுக்கொண்டாள். நப்லான் சாப்பிட்டுக்கொண்டே தன் தட்டைக் கொஞ்சம் இழுத்துத் தள்ளி உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் தள்ளினான். சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கி, தோள்களைக் குறுக்கிக்கொண்டான். அவர்கள் இருவருக்கும் நடுவில் பாய் அகலமாகக் காலியாக இருந்தது.

"ஏன் அங்க போய் ஒடுங்கி ஈக்கிறீங்க?"

நப்லான் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தான்.

"எல்லாரும் இருக்க வேணாமா?" என்றான்.