நூற்றியிருபது டன் குளிர்!

செல்போன் அலறியது.

லாட்ஜ் ஒன்றின் ஏசியைக் கழற்றிக்கொண்டு ஏணி உச்சியில் நின்ற எஸ்தர், ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி போனை எடுத்தாள்.

எஸ்தர். வயது முப்பத்து நாலு. 'எபெனேசர் ஏர்கான்' நிறுவனத்தின் முதலாளி, மேனேஜர், மெக்கானிக் மூன்றும் அவளே.

"மேடம், நான் ஸ்ரீகர் பேசறேன்."

ஸ்ரீகர், சின்ன காஞ்சிபுரத்துக்காரர். ஏசி கன்சல்டன்ட். சத்தமாகப் பேசியறியாத மனிதர். இன்று குரல் நடுங்கியது.

"மீதி ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுட்டேன்!"

"ஐயோ... அதைத் தொடவே கூடாதுன்னு மொதலாளி சொன்னாரே சார்!"

"அவர் ஏன் சொன்னார்னு இப்பத்தான் புரியறது. உடனே கடைக்கு வாங்கோ. மூணாவது மாடி. நீங்க கண்ணால பார்க்கணும். மூணு பொட்டலத்துலயும்..."

'ணங்!'

"சார்? சார்...!"

பதில் இல்லை. மணி பன்னிரண்டு பத்து.

பொட்டலம் என்றதும் கஞ்சா என்று நினைத்திருந்தால், உங்கள் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். இது சாமி சமாசாரம்!

காந்தி ரோட்டில் 'கோதண்டபாணி சில்க்ஸ்' புதுக் கட்டிடம் கட்டியிருக்கிறது. நாலு மாடி. பட்டுக் கடையில் ஃபேன் போட முடியாது. விரித்த புடவை எல்லாம் எழுந்து பறக்கும். மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை பார்க்கிறவர்களுக்கு வேர்க்கவும் கூடாது. ஜரிகையில் வேர்வை பட்டால் போச்சு. ஆகவே ஏசி.

எந்த ஏசி?

அங்கேதான் வந்தது வினை.

சென்னையிலிருந்து விக்ரம் வந்தான். காஞ்சிபுரம் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்த முதல் மனிதன். மொட்டை மாடியில் பெரிய பிளான்ட், கட்டிடம் முழுக்க சென்ட்ரல் ஏசி, நூற்றியிருபது டன் என்றான்.

எஸ்தர் மாடிக்கு மாடி தனித்தனி சிஸ்டம் என்றாள். மொத்தம் நாற்பத்தைந்து டன். ஆள் இருக்கிற மாடி மட்டும் ஓடும். மார்கழியில் கடை ஈ ஓட்டும்போது மற்ற மாடிகள் தூங்கும்.

மூன்றாவது, கிண்டியில் ஒரு கம்பெனி. மெயிலில் கொட்டேஷன் அனுப்பியதோடு சரி. அவர்களை இந்தக் கதையில் நீங்கள் பார்க்கப் போவதில்லை.

ஸ்ரீகர் கட்டிடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். நாற்பத்தைந்து டன்னே தாராளம் என்று ரிப்போர்ட் கொடுத்தார். 'நூற்றியிருபது போட்டால், புடவை எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் கம்பளி விற்க வேண்டியிருக்கும்' என்று அதிலேயே எழுதியும் வைத்தார்.

முதலாளி கோதண்டபாணிக்கு அது பிடிக்கவில்லை. எதிர்க்கடைக்காரன் நூறு டன் போட்டிருக்கிறானே! ஆனால் கடை நிற்கிற நிலம் மனைவி பெருந்தேவியுடையது. எஞ்சினீயர் சொன்னதுதான் சரி என்று அந்த அம்மாள் பிடிவாதமாக நின்றாள். ஒரு மாதம் வீட்டில் போர்.

கடைசியில் கோதண்டபாணி ஒரு குண்டைப் போட்டார்.

"பெருமாளையே கேட்டுடலாம்!"

பெருமாள் என்று வந்துவிட்டால் யார் மறுத்துப் பேச முடியும்? மூன்று பேருக்கு மூன்று சீட்டு என்று கோதண்டபாணியே தன் கையால் எழுதி, பூ வைத்து, மூன்று பொட்டலம் கட்டி, இன்று காலை ஒன்பதரைக்குக் கடைப் பூஜை அறையில் பெருமாள் படத்தின் காலடியில் வைத்தார். ஐந்து வயதுப் பேத்தி திரிஷா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

விக்ரம்!

"மத்த ரெண்டையும் பிரிச்சுப் பாருங்கோளேன்" என்றார் ஸ்ரீகர்.

"பெருமாளையே சந்தேகப்படறியா?" என்று கத்தினார் கோதண்டபாணி. சாமி எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாதாம். சாயங்காலம் அப்படியே கோயில் குளத்தில் விட்டுவிட வேண்டுமாம்.

ஸ்ரீகர் பிரித்துவிட்டார்...

ஐந்தே நிமிஷத்தில் எஸ்தரின் ஸ்கூட்டி காந்தி ரோட்டில் நின்றது. படிகளில் தாவி ஏறினாள்.

மூன்றாவது மாடி.

புது மெத்தை விரிப்பின் மேல் ஸ்ரீகர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு பைப் ரெஞ்ச். நேற்று அளவெடுக்க வந்தபோது எஸ்தர் மறந்துவிட்டுப் போனது!

கீழே தன் சாமான் கிடந்தால் குனிந்து எடுப்பது மெக்கானிக் புத்தி. எடுத்தாள். கை பிசுபிசுத்தது.

"ஆ...ஐயய்யோ! சாரைக் கொன்னுட்டா! கொன்னுட்டா!"

வாசலில் துடைப்பத்தோடு கங்கையம்மாள். அந்தக் கட்டிடத்தைப் பெருக்குகிறவள். அவள் போட்ட அலறலில் எதிர்க்கடை வாடிக்கையாளர்களே இந்தக் கடைக்கு ஓடி வந்தார்கள்!

முக்கால் மணி நேரம் கழித்து, இரண்டாவது மாடியில் கோதண்டபாணியின் கேபினில் விசாரணை.

இன்ஸ்பெக்டர் பூவராகவன் முதலாளியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புழுங்குது. அந்த ஏசியைப் போடுங்கப்பா."

கான்ஸ்டபிள் ரிமோட்டை அழுத்தினார். கேபினுக்கு மட்டும் முன்னாடியே மாட்டியிருந்த சின்ன ஏசி உயிர் பெற்றது.

"இந்தாம்மா எஸ்தர்! ரெஞ்ச் உன்னுது. ரேகை உன்னுது. அவரு போன்ல கடைசியாப் பேசினது உங்கிட்ட. கான்ட்ராக்ட் போன கோவத்துல போட்டுத் தள்ளிட்ட. இன்னா, சரியா?"

"சார், அவரு எம் பக்கம் பேசின ஒரே மனுஷன் சார். அவரைப் போயி நான் ஏன் சார்..."

"பின்ன யாரு? பெருமாளா?"

"பொட்டலத்தைப் பிரிச்சேன்னு போன்ல சொன்னாரு சார். மூணுலயும்னு ஆரம்பிச்சாரு. மூணுலயும் ஒரே பேரு எழுதியிருக்கணும். அதைப் பார்த்துட்டாரு. அதுக்குத்தான் கொன்னுருக்காங்க!"

"எங்க அந்தப் பொட்டலம்? கட்டிடத்துல இருக்கற அத்தனை குப்பைத் தொட்டியையும் கவுத்துப் பார்த்தாச்சு. ஒரு பூ இதழ் கூட இல்ல. கதை விடறியா? லாக்கப்புல தள்ளிடுவேன்! சாயங்காலம் ரிமாண்ட்!"

இன்ஸ்பெக்டரின் ஒரே கையெழுத்தில் எஸ்தருக்கு எல்லாம் போய்விடும். கம்பெனி, பத்து வருஷ உழைப்பு, ஊரில் தலைநிமிர்ந்து நடந்த நடை... எல்லாம். விக்ரமை நோக்கிக் கையை நீட்டினாள்.

"சீட்டு ஒரே பேருன்னா, அது விக்ரம் பேரு. அவரை விசாரிங்க சார்!"

மூலையில் நின்ற விக்ரம் டையைத் தளர்த்தினான். அந்த வேர்வையில் ஒரு பக்கெட் நிறைத்திருக்கலாம்.

"மேடம், நான் பன்னெண்டு மணிக்கு இங்க இல்லவே இல்ல. சாருக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் இருமினார்.

"அது வந்து... அந்த நேரம் அவரு ஸ்டேஷன்ல எங்கூடத்தான் இருந்தாரு. ஸ்டேஷனுக்கு ஒரு ஏசி போடற விஷயமா..."

"எத்தனை டன் சார் சொன்னாரு?"

"இருபது. அது இப்ப எதுக்கு உனக்கு?"

கோதண்டபாணி முன்னால் வந்தார். நெற்றியில் திருமண். கண்ணில் ஈரம்.

"எஸ்தரு, உன்னை எம் பொண்ணு மாதிரி நெனைச்சேனேம்மா! சின்ன வயசு... ஆத்திரத்துல பண்ணிட்டா. பார்த்து ஏதாவது பண்ணுங்க இன்ஸ்பெக்டர்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்கய்யா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இதே ரூம்லதான். பத்து மணியில இருந்து கதவைத் தாப்பா போட்டுக்கினு, ஏசியைப் பதினெட்டுல வெச்சுக்கினு படுத்துக்கினு இருந்தேன். ஈ காக்கா உள்ள வரல. கங்கையம்மா அலறினா பாருங்க, அப்பத்தான் ஏசியை ஆஃப் பண்ணிட்டுக் கதவைத் திறந்தேன். ரெண்டேகால் மணி நேரம் பொழுது போனதே தெரியல."

இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"கிளம்பும்மா. ஜீப்புல ஏறு."

அப்போது...

'டொக்.'

எஸ்தர் திரும்பினாள்.

'டொக்.'

புதுக் கட்டிடம். ஏசித் தண்ணீர் போகிற குழாயை இன்னும் வெளியே இணைக்கவில்லை. குழாயின் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட். அதில்தான் சொட்டு விழுந்தது.

"ஒரு நிமிஷம் சார்! அந்த பக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

"ஏம்மா, உனக்குத் தண்ணி தவிக்குதா?"

"காட்டச் சொல்லுங்க சார்!"

கான்ஸ்டபிள் பக்கெட்டைச் சாய்த்தார். அடியில் இரண்டு சொட்டு நீர். மற்றபடி வறண்டு, தூசி படிந்து கிடந்தது.

எஸ்தர் வாசலில் நின்ற கங்கையம்மாள் பக்கம் திரும்பினாள்.

"கங்கையம்மா, இந்தப் பக்கெட்டை எப்ப ஊத்தின?"

"காலையில ஏழு மணிக்கும்மா. ஊத்தித் தொடைச்சு வெச்சேன்."

"சார், இது ஒன்றரை டன் ஏசி. நம்ம ஊரு ஆவணிப் புழுக்கத்துக்கு மணிக்கு ஒரு லிட்டராவது தண்ணி விடும். பத்துல இருந்து பன்னெண்டேகால் வரைக்கும் ஓடியிருந்தா, பக்கெட்டுல ரெண்டு லிட்டர் நிக்கணும். தூசி நிக்குது! சொட்டே இப்பத்தான் விழ ஆரம்பிக்குது. காலையில இருந்து இந்த ஏசி ஓடவே இல்ல. இந்தப் புழுக்கத்துல ஏசி இல்லாம யாரு கதவைச் சாத்திக்கினு படுப்பாங்க? மொதலாளி அந்த நேரத்துல ரூம்லயே இல்ல!"

இன்ஸ்பெக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

கோதண்டபாணி சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அது... நடுவுல நான்தான் பக்கெட்டை ஊத்தினேன்."

"யாரு? நீங்களா?"

கதவருகே பெருந்தேவி. விசாரணை முழுக்க அங்கேயே நின்றவள்.

"முப்பது வருஷத்துல குடிச்ச டம்ளரை எடுத்து வெச்சதில்ல இந்த மனுஷன். பக்கெட்டைத் தூக்கினாராம்! கதவையே திறக்கலேன்னீங்களே, எங்க போய் ஊத்தினீங்க?"

"நீ சும்மா இருடி!"

"இன்ஸ்பெக்டர் சார்" என்றாள் எஸ்தர். "பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில தேடினா எப்படிக் கிடைக்கும்? பெருமாள் காலடியில வெச்ச பூ அது. இந்த ஊர்ல யாருக்காவது அதைக் குப்பையில போட மனசு வருமா? குளத்துக்குப் போற வரைக்கும் கையோடதான் வெச்சிருப்பாங்க. ஐயாவோட மடியைக் கொஞ்சம் பாருங்க!"

கோதண்டபாணியின் கை சட்டென்று இடுப்புக்குப் போனது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்!

கான்ஸ்டபிள் இருவர் பிடித்துக்கொள்ள, வேட்டி மடியிலிருந்து இரண்டு பொட்டலங்கள் வெளியே வந்தன. பிரித்ததைப் பத்திரமாக மறுபடி மடித்து, மறுபடி கட்டி வைத்திருந்தார். உள்ளே வாடாத துளசி, ஒரு சாமந்தி. சீட்டுகள்...

விக்ரம்.

விக்ரம்.

"தன் கட்டிடம், தன் ஏசி. தனக்குத்தானே கள்ளச் சீட்டாய்யா?" இன்ஸ்பெக்டருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

கோதண்டபாணி தரையில் சரிந்தார்.

"எதிர்க்கடைக்காரன் நூறு டன் போட்டுட்டு என்னைப் பார்த்து இளிக்கிறான் சார்! இவ கேக்க மாட்டேன்றா. பெருமாள் பேரைச் சொன்னா வாயை மூடுவான்னு... அவ்ளோதான். அந்த ஸ்ரீகரு மோப்பம் புடிச்சுட்டான். போன்ல எஸ்தருகிட்டச் சொல்றதைப் பின்னால நின்னு கேட்டேன், விட்டா கோயில் வரைக்கும் போயிடும். அடுத்த வாரம் எங்க மண்டகப்படி சார்! எனக்குப் பரிவட்டம் கட்டுவாங்க! பெருமாள் பேருல பொய்ச் சீட்டுப் போட்டவன்னு தெரிஞ்சா மரியாதை போயிடுமே! கைக்கு ரெஞ்ச் கிடைச்சுது..."

"ஒரு மனுஷனை மண்டையில அடிச்சுக் கொல்லலாம். பூவைக் குப்பையில போட்டாப் பாவம்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாவம்தானே சார்" என்றார் கோதண்டபாணி, நிஜமாகவே புரியாமல்.

பெருந்தேவி கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னை ஏமாத்தினீங்க, பழகிப் போச்சு. அந்த மனுஷன் வீட்டுல போயி நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

ஒரு நல்ல மனிதர், கணக்குச் சரியாகப் போட்டதற்காக, மேல் மாடியில் போர்த்தப்பட்டுக் கிடந்தார். எஸ்தர் இப்போதுதான் அழுதாள்.

விக்ரம் மெல்ல நகர்ந்து பெருந்தேவியிடம் வந்தான்.

"மேடம்... நேரம் சரியில்லைதான். இருந்தாலும் அந்த நூத்தியிருபது டன் ஆர்டர்..."

பெருந்தேவி பார்த்த பார்வையில் அவன் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கோட்டோடு படியில் இறங்கி ஓடினான்.

"எஸ்தரு" என்றாள் பெருந்தேவி. "அவரு எழுதிக் குடுத்த அந்த ரிப்போர்ட்டு இருக்குதில்ல? அதுல இருக்கறபடியே நீ போடும்மா. ஒரு டன் கூடவும் வேணாம், ஒரு டன் குறையவும் வேணாம்."

கோதண்டபாணியை ஜீப்பில் ஏற்றினார்கள். எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று, நூறு டன் குளிரையும் விட்டுவிட்டு, வெயிலில் வேடிக்கை பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பூவராகவன் தொப்பியை மாட்டிக்கொண்டு எஸ்தரிடம் வந்தார். குரல் இப்போது வெண்ணெய்.

"மனசுல வெச்சுக்காதம்மா. ஆமா... எங்க ஸ்டேஷனுக்கு இன்னா ஏசி போடலாம்? நீயே ஒரு யோசனை சொல்லேன்."

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெஞ்ச் இல்லாத டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினாள்.

"உங்க ஸ்டேஷனுக்கு ஏசியே வேணாம் சார். லாக்கப்புல தள்ளிடுவேன்னு நீங்க ஒரு தடவை சொன்னீங்க பாருங்க... நான் இன்னும் நடுங்கிக்கினு இருக்கேன்!"