ரத்தம் ஆகாத சாமி

எல்லைக்கல்லைத் தாண்டியதும் சேவல் அடங்கிப்போனது. சாமல்பட்டியிலிருந்து வழிநெடுக நெஞ்சில் உதைத்துக்கொண்டே வந்த சேவல், இப்போது திம்மப்பன் கக்கத்தில் துணிமூட்டை மாதிரிக் கிடந்தது.

அறுபத்தெட்டாம் வருஷத்து வைகாசிப் பௌர்ணமி. பொழுது சாய்கிற நேரம். புளியமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது அந்தக் கல்சாமி. ஊருக்கு அது மொட்டைமுனி. போன வருஷம் ஜீப்பில் வந்த அதிகாரி நாடாவால் அளந்துவிட்டு, இது புத்தர், ஆயிரம் வருஷத்துப் பழசு என்றார். அளந்தவன் சொன்னால் ஆயிற்றா என்று திம்மப்பன் காறித் துப்பினான். பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான்: பால்சோறு, வெள்ளைப் பூ. காலில் முள் குத்தி ரத்தம் கசிந்தால்கூட எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுதான் கும்பிடுவார்கள்.

மகள் சாந்தம்மா விடியற்காலையில் பெண் பெற்றாள். பிள்ளைக்குக் குறையில்லை. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவாள் என்று மருத்துவச்சி ரங்கம்மா கைவிரித்துவிட்டாள்.

"அந்தச் சாமிக்கு ரத்தம் ஆகாதுய்யா, பால்சோறு எடுத்துக்கினு போ" என்று கிளம்பும்போதே பொண்டாட்டி பாப்பம்மா கெஞ்சினாள்.

"பால்சோறு தின்னுட்டு இத்தினி வருசமா குந்தினுதான கீது? மத்த முனிக்கெல்லாம் குடுக்கறதத்தான் இதுக்கும் குடுக்கணும். சும்மா கெட."

புளிய இலையும் பழைய எண்ணெய்ச் சிக்கும் கலந்த வாடை மூக்கை அடைக்க, பூச்சிச் சத்தம்கூட இல்லாத அந்த இடத்தில் தன் மூச்சே பின்னால் வேறு யாரோ விடும் மூச்சுபோல் கேட்க, திம்மப்பன் கத்தியை உருவினான்.

"எம் பொண்ணக் காப்பாத்து சாமி. வேற நாதி இல்ல எனக்கு."

அறுத்தான்.

ரத்தம் வரவில்லை. கழுத்தை ஈரத்துணிபோல் பிழிந்தான். ஒரு சொட்டு இல்லை. கத்தி காய்ந்திருந்தது. கையிலிருந்த தலை அவனைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

போட்டுவிட்டு ஓடினான்.

வாசலிலேயே ரங்கம்மா சிரித்தாள். "நின்னுப்போச்சுண்ணா! பட்டுனு நின்னுப்போச்சு!"

உள்ளே பாப்பம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மூலையில் குவித்திருந்த தீட்டுத்துணிகள் வெளுத்து வந்தவைபோல் வெள்ளையாகக் கிடந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை. சாந்தம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"குளுருதுப்பா."

மணிக்கட்டைப் பிடித்தான். துடிப்பில்லை. மாற்றிப் பிடித்தான். இல்லை. மார்பில் காதை வைத்தான். பாறையில் வைத்ததுபோல் இருந்தது.

"ஏம்ப்பா அழுவுற? நல்லாத்தான கீறேன்."

குரல் கேட்டது. நெஞ்சு கேட்கவில்லை.

ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு போதும், சாமி.

அவள் மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. ஈறு வெள்ளை. நாக்கு வெள்ளை. தொண்டைவரை பால்வெள்ளை.