கழுதை வண்டிக் கியர்

மன்னார்த் தாராபுரத்தில் கார்களைப் பற்றி ஷிஹானாவிடம் வாய் கொடுத்துவிட்டு யாரும் லேசில் தப்ப முடியாது. துபாயிலிருந்து வாப்பாவின் தம்பியான சாச்சா கொண்டுவந்த படப் புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து, எந்தக் காருக்கு என்ன எஞ்சின், எத்தனை கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். அதுதான் தொல்லை!

ஆறாம் வகுப்பில் வியாழக்கிழமைதோறும் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அன்று றுஷ்தாவின் முறை. முதலாம் வகுப்பிலிருந்து ஷிஹானாவோடு ஒரே வாங்கில் பக்கத்தில் உட்காருபவள் அவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் போதும், குரல் உள்ளே போய்விடும்.

றுஷ்தா கைக்குட்டையை விரித்தாள். உள்ளே ஒரு கறுப்புக் குமிழ். கியர் மாற்றும்போது கையால் பிடிக்கும் உருண்டை அது. அதன் தலையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் இருந்தன. ஐந்துக்குக் கீழே, கார் பின்னால் போவதற்கான ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தது.

“இது வெலோறா காரின்ட. பந்தயக் கார் மாதிரிப் பறக்கும். வாப்பா கொழும்பில கராஜில வேலை செய்யேக்க கிடைச்சது” என்றாள் மெதுவாக.

ஷிஹானாவால் சும்மா இருக்க முடியவில்லை.

“பொய்! வெலோறாவுக்கு ஆறு கியர். இதில அஞ்சுதான் இருக்கு. இது கழுதை வண்டிக் கியராக்கும்!”

வகுப்பே சிரித்தது. பவ்ஸான் கழுதை போலக் கத்திக் காட்டினான். தெருவெல்லாம் கழுதை திரியும் மன்னாரில் பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? டீச்சர் அதட்டுவதற்குள் றுஷ்தா குமிழை மூடிக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் அங்கேயே இருந்தாள்.

“குமிழ் எங்கடி?” என்று ஷிஹானா போய்க் கேட்டாள்.

“வாப்பாட்டயே குடுத்திட்டன். ஏன் எனக்குப் பொய் சொன்னீங்க எண்டும் கேட்டுட்டன்.”

“அவர் என்ன செய்தார்?”

“அதைத் துடைச்சு கராஜ் மேசை லாச்சியில வெச்சிட்டார்.”

ஷிஹானாவுக்கு என்னவோ போலிருந்தது. ‘நான் உண்மையைத்தானே சொன்னேன்?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் உறுதிப்படுத்திக்கொள்ளப் புத்தகத்தை எடுத்து வெலோறாவின் பக்கத்தைத் திறந்தாள். படத்துக்குக் கீழே அவள் சின்ன வயதில் ஒட்டிய பெரிய நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தது. அதன் ஓரம் கிளம்பியிருந்தது. அடியில் ஏதோ எழுத்து தெரிந்தது.

மெல்ல உரித்தாள். இரண்டு வரிகள்.

‘2005 வரை வந்த வெலோறாவுக்குச் சிறிய எஞ்சின், ஐந்து கியர். 2006இலிருந்து பெரிய எஞ்சின், ஆறு கியர்.’

ஷிஹானாவுக்குக் காது சுட்டது. அறையில் வேறு யாருமில்லை. ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அழுத்திப் பார்த்தாள். அது ஒட்டவில்லை. வெளியே ஒழுங்கையால் போன ஒரு கழுதை கத்தியது. அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்தாள்.

சனியும் ஞாயிறும் நகரவே இல்லை. றுஷ்தாவின் வாப்பா குமிழைத் துடைத்து வைத்ததே கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை ஷிஹானா எழுந்தாள். “டீச்சர், நான் ஒண்டு சொல்லோணும்.”

புத்தகத்தை விரித்துப் பிடித்தாள்.

“றுஷ்தா சொன்னது சரி. அவட வாப்பா சொன்னதும் சரி. பழைய வெலோறாவுக்கு அஞ்சு கியர்தான். புதுசுக்குத்தான் எஞ்சினும் பெரிசு, கியரும் ஆறு. என்ட புத்தகத்திலயே அது இருந்தது. நான்தான் அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தனான். என்னிலதான் பிழை.”

பவ்ஸான் மறுபடியும் கழுதை போலக் கத்தினான். இந்த முறை அது ஷிஹானாவுக்கு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போதும், பவ்ஸான்!”

யார் குரல் அது? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வாங்கில் றுஷ்தா நின்றுகொண்டிருந்தாள். பிறகு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தன் பழைய வாங்குக்கு வந்தாள்.

பள்ளி விட்டதும் இருவரும் நேரே றுஷ்தாவின் வாப்பா பாயிஸின் கராஜுக்குப் போனார்கள்.

“பாயிஸ் மாமா, நான்தான் கழுதை வண்டிக் கியர் எண்டு சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றாள் ஷிஹானா.

“என்னையும்தான், வாப்பா” என்றாள் றுஷ்தா.

பாயிஸ் மேசை லாச்சியைத் திறந்து குமிழை எடுத்தார். “கழுதை வண்டிக்காரர் ஆரும் வந்து கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒருத்தரும் வரயில்ல. நீங்களே வெச்சிருங்கோ!”

மூவரும் சிரித்தார்கள். றுஷ்தா குமிழைக் கையில் உருட்டி, ஐந்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

“ஷிஹானா, புதுக் காரில இந்த இடத்தில ஆறு வந்திரும். அப்ப ஆர் எழுத்து எங்க போகும்?”

ஷிஹானா குமிழை உற்றுப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதே” என்றாள்.

“எனக்குத் தெரியும்” என்று றுஷ்தா சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஷிஹானா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.